"டியூப்பை எப்போது எடுப்பீர்கள்?" என்று கேளுங்கள்!

நம்மவர் ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டால் போதும். சென்னிமலையிலிருந்தும் பெருந்துறையிலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் ஆட்கள் புறப்பட்டு விடுவார்கள். ஆப்பிள், ஆரஞ்சு, ஹார்லிக்ஸ் பாட்டில், கட்டிலைச் சுற்றிப் பத்துப் பேர்! பணம் கட்ட வேண்டும் என்றால் ஜமாஅத்தில் வசூல் நடக்கும். ரத்தம் வேண்டும் என்றால் நள்ளிரவிலும் நம் இளைஞர்கள் பைக்கை எடுத்துக்கொண்டு பறப்பார்கள். நோயாளியை நலம் விசாரிப்பதில் நம் சமுதாயம் யாருக்கும் பின்தங்கியதல்ல.

ஆனால் அந்தப் பத்துப் பேரில் ஒருவராவது, கட்டிலுக்குக் கீழே தொங்கும் யூரின் பையைப் பார்த்துவிட்டு, "சிஸ்டர், இந்த டியூப் இன்றைக்கும் இவருக்குத் தேவைதானா? எப்போது எடுப்பீர்கள்?" என்று கேட்டதுண்டா?

கேட்டதில்லை. டாக்டர் போட்டிருக்கிறார், டாக்டருக்குத் தெரியும் என்று இருந்து விடுகிறோம். டாக்டரோ நர்ஸ் சொல்வார் என்று இருக்கிறார். நர்ஸ், டாக்டர் எழுதினால்தானே எடுக்க முடியும் என்று இருக்கிறார். இந்த மூவருக்கும் இடையில் டியூப் பத்து நாள் உள்ளே கிடக்கிறது. பத்தாவது நாள் குளிர் ஜுரம்! வந்த நோய்க்கு வைத்தியம் முடிந்து, ஆஸ்பத்திரி தந்த நோய்க்கு வைத்தியம் தொடங்குகிறது. பில் மட்டும் நம் பெயரில்தான்.

சென்னிமலையில் பெட்ஷீட் வியாபாரம் பார்த்த ஒரு பெரியவர். இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கோலைப் பிடித்துக்கொண்டு நடக்கவும் தொடங்கி விட்டார். கக்கூஸ் வரை நடந்து போகிறவருக்கு யூரின் டியூப் எதற்கு? மகன்கள் மூன்று பேர் மாறி மாறி இருந்தார்கள், ஒருவருக்கும் அந்தக் கேள்வி தோன்றவில்லை. பதினோராம் நாள் ஜுரம் கண்டது. ரத்தத்தில் கிருமி ஏறி, மறுபடி ஐ.சி.யூ. எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே முக்கியமில்லை. எந்த ஊரில் எந்தக் கட்டிலிலும் நடக்கக் கூடியது இது.

ஹவுளின் சுவரைத் தடவிப் பாருங்கள்

டியூப்பில் அப்படி என்னதான் நடக்கிறது? பெரிய படிப்பு எதுவும் வேண்டாம். நம் பள்ளிவாசல் ஹவுளில் உளூச் செய்ய உட்காரும்போது தண்ணீருக்கு அடியில் சுவரை விரலால் தடவிப் பாருங்கள். வழுவழு என்று இருக்கும். தண்ணீர் கண்ணாடி போலத் தெளிவாக இருந்தாலும் சுவரில் அந்த வழுவழுப்பு இருக்கும். பிளீச்சிங் பவுடர் போட்டால் தண்ணீரில் மிதக்கும் கிருமி செத்துவிடும். சுவரில் ஒட்டியது அவ்வளவு சீக்கிரம் சாகாது. தண்ணீரை இறைத்துவிட்டுத் தேங்காய் நார் போட்டுத் தேய்த்தால்தான் போகும். இதற்கு மருத்துவத்தில் 'பயோஃபிலிம்' என்று பெயர். உயிர்ப்படலம் என்று தமிழில் சொல்லலாம்.

உடம்புக்குள் டியூப் நுழைந்ததும் சிறுநீரில் உள்ள புரதம் போன்ற பொருள்கள் முதலில் அதன்மேல் ஒரு மெல்லிய பூச்சாகப் படிகின்றன. துணிக்குச் சாயம் பிடிக்க வைப்பதுபோல அந்தப் பூச்சு கிருமிகளுக்குப் பிடிமானம் கொடுக்கிறது. வந்து ஒட்டிய கிருமி சும்மா இருப்பதில்லை. பசை போன்ற ஒன்றைச் சுரந்து தன்னைச் சுற்றிக் கோட்டை கட்டிக்கொள்கிறது. அந்தக் கோட்டைக்குள் குட்டி போட்டுப் பெருகுகிறது. மிதந்து திரியும் கிருமியைக் கொல்லப் போதுமான ஆன்டிபயாடிக் அளவைப்போல நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு கொடுத்தாலும் கோட்டைக்குள் இருப்பவை தாக்குப் பிடிக்கும். ஊசி போட்டதும் ஜுரம் இறங்கும், நிறுத்தியதும் ஏறும். மருந்து போலி என்று சிலர் சண்டைக்குப் போவார்கள். மருந்து போலியல்ல சகோதரர்களே! கோட்டையை உள்ளேயே விட்டுவிட்டு வெளியே வந்த சிப்பாய்களை மட்டும் சுட்டுக் கொண்டிருக்கிறோம்.

நம் பல்லில் படியும் வழுவழுப்பும் இதே இனம்தான். 1680களில் ஹாலந்து நாட்டுத் துணி வியாபாரி லேவன்ஹூக் தன் பல்லில் சுரண்டி எடுத்ததைத் தானே செய்த லென்ஸில் வைத்துப் பார்த்துத் துள்ளும் உயிர்களைக் கண்டார். (ஆம், ஜவுளி வியாபாரிதான்! கல்லாவில் உட்கார்ந்துகொண்டே உலகத்துக்குப் புதியதைக் காட்டியவர்.) பல்லில் படிந்ததை மிஸ்வாக் குச்சியால் தினமும் தேய்த்து எடுக்கிறோம். உடம்புக்குள் கிடக்கும் டியூப்பை எந்தக் குச்சியால் தேய்ப்பது? முடியாது. எடுத்து எறியத்தான் முடியும்.

கணக்கு வியாபாரிகளுக்குப் புரியும். யூரின் டியூப் போட்ட நோயாளிக்குச் சிறுநீரில் கிருமி குடியேறும் வாய்ப்பு ஒவ்வொரு நாளும் 100க்கு 3 முதல் 7 வரை கூடுகிறது என்பது உலகமெங்கும் ஏற்கப்பட்ட கணக்கு. வட்டி மாதிரி ஏறும். பத்து நாளில் நாலு பேரில் ஒருவருக்கோ, இரண்டு பேரில் ஒருவருக்கோ கிருமி குடியேறி விடும். ஒரு மாதம் ஆனால் அநேகமாக எல்லோருக்கும். குடியேறியவர் எல்லோருக்கும் ஜுரம் வந்துவிடாது என்பது உண்மை. ஆனால் வந்துவிட்டால், அது சர்க்கரை நோயாளியாகவோ வயோதிகராகவோ இருந்துவிட்டால், உயிருக்கே ஆபத்து.

வெள்ளிக் குழாயின் பெருமை

கோர்டோபாவின் அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி, 1013இல் மறைந்தவர், தன் 'அத்தஸ்ரீஃப்' நூலில் சிறுநீர் அடைப்புக்கு வெள்ளிக் குழாய் செலுத்தும் முறையை எழுதி வைத்தார் என்று நம் மேடைகளில் பெருமையாகப் பேசுகிறோம். பேசட்டும், உண்மைதான். ஆனால் ஒன்றைக் கவனிக்க மறந்து விடுகிறோம். அஸ்ஸஹ்ராவியின் குழாய் உள்ளே போகும், அடைத்த சிறுநீரை வடிக்கும், வெளியே வந்துவிடும். கெட்டியான வெள்ளிக் குழாயை யாரும் வாரக்கணக்கில் உள்ளே விட்டுவைக்க முடியாது. 1930களில் அமெரிக்காவின் ஃபோலே என்ற டாக்டர் நுனியில் பலூன் வைத்த ரப்பர் டியூப்பைக் கொண்டுவந்தார். பலூன் ஊதியதும் டியூப் வழுக்கி வெளியே வராது. மகத்தான வசதி. எடுக்க மறந்துபோவதும் அதற்குப் பிறகுதான் சுலபமாயிற்று!

வெள்ளிக்குக் கிருமியைக் கொல்லும் குணம் உண்டென்று, டியூப்புக்கே வெள்ளிக் கலவைப் பூச்சுப் பூசி விற்கிறார்கள். விலை அதிகம். பிரிட்டனில் 24 ஆஸ்பத்திரிகளில் ஏறத்தாழ ஏழாயிரம் நோயாளிகளை வைத்து நடத்திய பரிசோதனையின் முடிவு 2012இல் வெளியானது. சாதாரண டியூப் போட்டவர்களில் 12.6 சதவீதம் பேருக்குத் தொற்று. வெள்ளி பூசிய டியூப் போட்டவர்களில் 12.5 சதவீதம். சில நாள் மட்டும் டியூப் வைத்திருப்பவருக்கு இந்தப் பூச்சால் பலன் இல்லை என்று ஆகிவிட்டது. "பாய், ஸ்பெஷல் டியூப் இருக்கிறது, போட்டுவிடலாமா?" என்று யாராவது கேட்டால் இந்தக் கணக்கு ஞாபகம் இருக்கட்டும். பல மாதம் டியூப் வேண்டியவருக்கு லேடெக்ஸுக்குப் பதில் சிலிக்கான் டியூப் போடுவது வேறு விஷயம். அதை டாக்டர் சொன்னால் தயங்காதீர்கள்.

அப்படியென்றால் எது பலன் தரும்? அமெரிக்காவின் 603 ஆஸ்பத்திரிகளில், தேவையில்லாமல் டியூப் போடாதே, போட்டதைத் தினமும் கேள்வி கேள், சுத்தமாகப் பராமரி என்று பழக்கினார்கள். சாதாரண வார்டுகளில் தொற்று ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்று 2016இல் அறிவித்தார்கள். ஐ.சி.யூ.க்களில் குறையவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதினார்கள். கழுத்து நரம்பில் போடும் பெரிய லைனுக்கு அங்கே மிச்சிகன் மாநிலத்தில் இதைவிட நல்ல உதாரணம் உண்டு. கையைக் கழுவு, குளோர்ஹெக்ஸிடின் மருந்தால் தோலைத் துடை, கவுன் கையுறை முகமூடி விரிப்பு எல்லாம் போட்டுக்கொள், தொடை நரம்பைத் தவிர், தேவையற்ற லைனை எடு. இந்த ஐந்தே வேலை. 103 ஐ.சி.யூ.க்களில் 2.7 ஆக இருந்த தொற்றின் நடு அளவு, ஆயிரம் லைன் நாட்களுக்கு, மூன்றே மாதத்தில் பூஜ்ஜியத்துக்கு வந்தது. 2006இல் அச்சான ஆய்வு இது. புது மெஷின் ஏதும் வாங்கவில்லை!

நம் நாட்டு நிலவரம்

எய்ம்ஸும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து நடத்திய கண்காணிப்பில் 26 ஆஸ்பத்திரிகளின் 89 ஐ.சி.யூ.க்களில் 2017 மே முதல் 2018 அக்டோபர் வரை மட்டும் 2622 ரத்தத் தொற்றுகளும் 737 சிறுநீர்த் தொற்றுகளும் பதிவாயின. ஆஸ்பத்திரிக்குள் வந்த பிறகு பிடித்த தொற்றுகள் இவை. ரத்தத்தில் முதலிடம் கிளெப்சியெல்லா என்ற கிருமிக்கு. சிறுநீரில் முதலிடம் எதற்குத் தெரியுமா? கேண்டிடா என்ற காளானுக்கு! ஆன்டிபயாடிக்கைக் கொட்டக் கொட்ட, பாக்டீரியா செத்த இடத்தில் காளான் வந்து உட்காருகிறது.

இதுவாவது கணக்கு வைத்த ஆஸ்பத்திரிகள். கணக்கே வைக்காதவற்றைப் பற்றி என்ன சொல்ல?

2010இல் உலகையே கலக்கிய என்.டி.எம்.-1 விவகாரம் பலருக்கு நினைவிருக்கும். கடைசி வரிசை மருந்தான கார்பபெனத்தையும் தின்று தீர்க்கும் அந்த நொதி, முதன்முதலில் டெல்லியில் சிகிச்சை பெற்றுத் திரும்பிய சுவீடன் நாட்டு நோயாளியின் சிறுநீர்க் கிருமியில்தான் கண்டுபிடிக்கப்பட்டது. 2010 ஆய்வில் சென்னையில் எடுத்த மாதிரிகளும் இருந்தன. அதன் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி. கிருமிக்கு டெல்லியின் பெயரை வைக்கலாமா என்று நாடாளுமன்றம் வரை கொதித்தார்கள். பெயருக்குக் கொதித்த அளவுக்குக் கிருமிக்குக் கொதிக்கவில்லை. 2012இல் சென்னையில் டாக்டர் அப்துல் கஃபூர் முன்னின்று மருத்துவச் சங்கங்களைக் கூட்டி 'சென்னைப் பிரகடனம்' வெளியிட வைத்தார். 2014 மார்ச் முதல் 'ஹெச்-1' அட்டவணை வந்தது. அதில் உள்ள ஆன்டிபயாடிக்குகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். மெடிக்கல் ஷாப் நடத்தும் நம் வியாபாரச் சகோதரர்களே, உங்களைத்தான் கேட்கிறேன். அத்தாவுக்கு யூரின் கலங்கலாகப் போகிறது, ஏதாவது மாத்திரை கொடுங்கள் என்று வந்து நிற்பவனுக்கு என்ன செய்கிறீர்கள்? டியூப் போட்டவருக்குச் சிறுநீர் கலங்குவதும் நாற்றமடிப்பதும் மட்டும் நோய் அல்ல. ஜுரம், நடுக்கம், விலாவில் வலி, திடீரென்று பிதற்றல் இருந்தால்தான் அது நோய். நோயில்லாதவனுக்கு விற்கும் ஒவ்வொரு அட்டையும் நாளை உங்கள் வீட்டுக் கட்டிலுக்கே திரும்பி வரும்.

அரசாங்கத்திடமும் கேட்க வேண்டியது இருக்கிறது. அமெரிக்காவில் 2008 அக்டோபர் முதல், ஆஸ்பத்திரியில் பிடித்த டியூப் தொற்றுக்கு ஆகும் கூடுதல் செலவைத் தரமாட்டோம் என்று அரசின் மெடிகேர் காப்பீடு சொல்லிவிட்டது. அந்த ஒரு உத்தரவால் மட்டும் தொற்று குறைந்துவிடவில்லை என்று பின்னால் ஆய்வு சொன்னது. ஆனாலும் யார் தவறுக்கு யார் பணம் கட்டுவது என்ற நியாயமாவது அங்கே பேசப்பட்டது! இங்கே நாம்தான் கட்டுகிறோம், நகையை அடகு வைத்துக் கட்டுகிறோம். 2020இல் மத்திய அரசு தொற்றுத் தடுப்புக்குத் தேசிய வழிகாட்டு நெறி வெளியிட்டது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்துள்ள ஆஸ்பத்திரிகளாவது தங்கள் டியூப் தொற்றுக் கணக்கை வரவேற்பறையில் எழுதி ஒட்டட்டும். கலெக்டரிடம் கொடுக்கும் அடுத்த மனுவில் ரேஷன் கடை, பட்டாவோடு இதையும் ஒரு வரி சேர்ப்போம். கூடவே, ஒரு நர்ஸ் தலையில் ஒரு வார்டையே கட்டிவிட்டு அவரைக் குறை சொல்வதையும் நிறுத்துவோம்.

தொழுகைக்காகப் பிரிக்காதீர்கள்!

இதை நம் பத்திரிகையில்தான் எழுத முடியும் என்பதால் விரித்தே எழுதுகிறேன். டியூப் போட்ட பெரியவர்கள் பலர், பை நிறைய நஜீஸை வைத்துக்கொண்டு எப்படித் தொழுவது என்று மனம் நொந்து தொழுகையை விட்டு விடுகிறார்கள். இன்னும் சில வீடுகளில், ஒவ்வொரு வக்துக்கும் டியூப்பிலிருந்து பையைக் கழற்றி வைத்துவிட்டு, தொழுதபின் மறுபடி மாட்டுகிறார்கள். இரண்டுமே தவறு.

சிறுநீர் நில்லாமல் கசிபவருக்குள்ள சட்டம்தான் இவருக்கும். தொழுகை நேரம் வந்தபின் உளூச் செய்து, பையோடு தொழ வேண்டியதுதான். ஹனஃபியிலும் ஷாஃபியிலும் விவரங்களில் வித்தியாசம் உண்டு. உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக் கொள்ளுங்கள். ஆனால் நிர்ப்பந்தத்தில் இருப்பவருக்குச் சலுகை உண்டு என்பதில் கருத்து வேறுபாடே இல்லை. டியூப்பும் பையும் சேரும் அந்த இணைப்பைத் திறப்பதுதான் கிருமிக்கு வாசலைத் திறப்பது. முற்காலத்தில் திறந்த பாட்டிலில் சிறுநீரை வடியவிட்டபோது நாலைந்து நாளிலேயே அநேகமாக எல்லோருக்கும் கிருமி ஏறியது. 1960களில், டியூப்பும் பையும் மூடியபடியே இருக்கும் முறை பரவிய பிறகுதான் அது தள்ளிப் போனது. உங்கள் மனம் கேட்கவில்லை என்றால், தொழுகைக்கு முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுப் பையின் கீழ்க் குழாயைத் திறந்து காலி செய்துகொள்ளுங்கள். மேல் இணைப்பில் கை வைக்காதீர்கள்.

இன்னொன்று, ஆம்புலன்ஸ் ஓட்டும் நம் தம்பிமார்களுக்கு. நோயாளியை ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது பையைத் தூக்கி வயிற்றின்மேல் வைக்கிறீர்கள். பையில் இருந்த பழைய சிறுநீர் அப்படியே திரும்ப உள்ளே ஓடுகிறது! பை எப்போதும் இடுப்புக்குக் கீழே இருக்க வேண்டும். தரையிலும் படக் கூடாது. கீழே பிடிக்க இடமில்லாத வேளையில் முதலில் காலி செய்துவிட்டுத் தூக்குங்கள். ஒரு நோயாளிக்கு வடித்த பாத்திரத்தை அடுத்தவருக்குப் பிடிக்காதீர்கள்.

ரத்ததான முகாம் நடத்தத் தெரிந்த இளைஞர் அணிக்கு, துணைக்கு இருப்பவர்களுக்கான ஒரு நாள் பயிற்சி நடத்தத் தெரியாதா? பெருந்துறையில் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியே பக்கத்தில் இருக்கிறது. ஒரு நர்ஸ் சகோதரியை அழைத்து, ஜும்ஆ முடிந்து ஒரு மணி நேரம் பேச வைக்கலாம். பெண்களுக்குத் தனியாக நடத்த வேண்டும். வீட்டில் பையைக் காலி செய்வது பெரும்பாலும் அவர்கள்தானே! ஆணுறை போல வெளியே மாட்டும் உறை டியூப், தேவைப்படும்போது மட்டும் செலுத்தி வடித்துவிட்டு எடுத்துவிடும் முறை என்று மாற்று வழிகள் இருப்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. தானே செலுத்திக்கொள்ளும் இந்த முறையை 1972இல் லேபிடஸ் என்ற டாக்டர் எழுதினார்; கை சுத்தமாக இருந்தால் வீட்டிலேயே செய்யலாம் என்று நிரூபித்தார். முதுகுத்தண்டு அடிபட்ட வாலிபர்களுக்கு அது வரப்பிரசாதம்.

வாதத்தில் படுத்தவர், புராஸ்டேட் அடைத்தவர் என்று டியூப்போடே வாழ வேண்டியவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் "எடுங்கள்" என்று சொல்ல முடியாது. தினமும் சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவினால் போதும். டெட்டால் ஊற்ற வேண்டாம். பைக்குள் மருந்து ஊற்ற வேண்டாம். ஜுரம் வராமல் இருக்க முன்கூட்டியே மாத்திரை போட வேண்டாம். புரோட்டியஸ் என்ற ஒரு கிருமி சிறுநீரைக் காரமாக்கி டியூப்புக்குள் உப்புக் கல்லாகப் படிய வைக்கும். டியூப் அடைத்துக் கொள்ளும். அடிக்கடி அடைத்தால் அதைச் சொல்லி டாக்டரைப் பாருங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்து கொள்ளுங்கள்.

டியூப் போட்ட தேதியை மார்க்கர் பேனாவால் பையின்மேல் எழுதி வையுங்கள். நடுங்கும் ஜுரம் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் சென்று, முதலில் அந்தத் தேதியைக் காட்டுங்கள். டியூப் இரண்டு வாரம் தாண்டியிருந்தால், பழையதை எடுத்துவிட்டுப் புது டியூப் போட்டு, அதிலிருந்து வரும் சிறுநீரைத்தான் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். மருந்து அதற்குப் பிறகு. பையில் தேங்கியதை எடுத்துக் கொடுக்கச் சொன்னால் கொடுக்காதீர்கள்.